தொட்டியின் மறுபக்கம்

நந்தியாவட்டைக் கிளையில் கத்தரிக்கோலை வைத்துவிட்டு, வெட்டாமல் நின்றாள் மகள். கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். பால்கனித் தொட்டியில் இருந்த செடியை மொட்டையடித்த மாதிரி இலையெல்லாம் போயிருந்தது. நுனியில் ஒற்றை வெள்ளைப் பூ. அதன் கீழே, விரல் தடிமனில், பழுப்பேறத் தொடங்கிய பச்சைப் புழு ஒன்று.

“என்ன மரமாட்டம் நிக்கறே?” அண்ணன் எட்டிப் பார்த்தான். “அந்தப் புழுவை நசுக்கிப் போட்டுட்டுப் பூவைக் கொண்டா. அப்பா கடைசியா கை காட்டினது இந்தச் செடியைத்தான். காப்பாத்துங்கன்னு அர்த்தம்.”

“செடியைத்தான்னு உனக்கெப்படித் தெரியும்?”

“பின்ன, ஒரு டெய்லர் பூச்சியைக் காப்பாத்தவா சொல்வாரு?”

நியாயம்தான். ஆயுசு முழுக்க அலமாரியில் நாப்தலின் உருண்டை போட்டு அந்துப்பூச்சியோடு மல்லுக்கு நின்ற மனிதர். ஆனால் படுக்கையில் விழுந்ததும், கட்டிலைப் பால்கனிக் கதவோரம் போடச் சொன்னவரும் அவர்தான்.

“துணி திங்கறது வேற பூச்சி, இது வேற. இந்தப் பூ இருட்டினா மணக்குது. இது இருட்டினா பறக்கும். அதுக்கு வேரு, இதுக்கு இறக்கை. இதுவும் கடைசியில மண்ணுக்குத்தான் இறங்கும், அங்க கிடந்துதான் பூச்சியாகும்” என்று ஒருநாள் சொன்னார். ஜுரத்தில் உளறுகிறார் என்று அவள் போர்வையை இழுத்துவிட்டாள்.

இன்று காலை அவர் கையைத் தூக்கியபோதும் தாகம் என்றே நினைத்துத் தம்ளரை நீட்டினாள். வாயை இறுக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதோடு சரி. கடைசி ஆசையைப் புரிந்துகொள்ளக்கூடத் துப்பில்லாமல் போனோமே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

அழுது வீங்கிய முகத்தோடு அம்மா பக்கத்தில் வந்து நின்றாள்.

“அவருக்கு எதும்மா பிடிக்கும்? செடியா, பூச்சியா?”

“காலையில பூவைப் பாத்துச் சிரிப்பாரு. சாயங்காலம் புழுவைப் பாத்துச் சிரிப்பாரு. என்னைப் பாத்துத்தான் ஒருநாளும் சிரிச்சதில்ல.” அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. “எனக்கென்னடி தெரியும்?”

“வண்டி வந்தாச்சு! பூ எங்க?” அண்ணன் கூடத்திலிருந்து கத்தினான்.

புழு தண்டு வழியாக இறங்கி, காய்ந்து வெடித்த மண்ணில் தலையை நுழைத்துக்கொண்டிருந்தது. அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். கட்டிலருகே, அப்பா குடிக்காத தண்ணீர் தம்ளரில் அப்படியே இருந்தது. அதை எடுத்து வந்து, புழுவின் மேல் படாமல், தொட்டியின் மறுபக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள்.