சாக்கில் ஓர் ஆக்கிரமிப்பு

அணைத் தண்ணீருக்குள் போய்விட்ட ஊரில் வரப்புத் தகராறு நடக்குமா? நடந்தது. திருப்பூரில், லைன் வீட்டில், என் சுவரில் நடந்தது. நான் நஞ்சம்மாள். பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டி மடிக்கிற வேலை. பொய் சொல்லிப் பழக்கமில்லை. கோபம்தான் கொஞ்சம் ஜாஸ்தி.

எங்கள் ஊர் கொமரலிங்கத்துக்கு மேலே, ஆற்றோரம் இருந்தது. பெயர் சொல்லி என்ன ஆகப்போகிறது, இப்போது அது மீனுக்குத்தான் ஊர். அணை கட்டினார்கள். நிலம் வைத்திருந்தவர்களுக்கு நஷ்டஈடு கொடுத்தார்கள். அந்த நிலத்தில் வேலை செய்த எங்களிடம் சீக்கிரம் கிளம்பச் சொன்னார்கள். கிளம்பி வந்து பனியன் கம்பெனியில் சேர்ந்தோம். நிலம் வைத்திருந்தவர்களும் நஷ்டஈட்டை வக்கீலுக்கும் வைத்தியருக்கும் கொடுத்து முடித்துவிட்டு எங்கள் பின்னாலேயே வந்து சேர்ந்தார்கள்.

முதல் மழையிலேயே லைன் வீட்டுச் சுவர் ஓதம் ஏறிப்போனது. கம்பெனியில் பேல் கட்டுகிற பெரிய சாக்கு ஒன்றைக் கேட்டு வாங்கி, ஆணியடித்துத் தொங்கவிட்டேன். தினமும் வெறும் சாக்கைப் பார்த்துக்கொண்டு சோறு தின்ன முடியுமா? கட்டிங் வேஸ்ட்டைக் கொண்டுவந்து மைதாப் பசை தடவி ஒட்டினேன். கை தானாக ஆற்றைத்தான் ஒட்டியது. நீலத்தில் முக்கியெடுத்த துணி ஆறானது. நூல் சுற்றி வரும் அட்டைக் கோன் கோயில் கோபுரமானது. உடைந்த பொத்தான் ஒவ்வொன்றும் ஒரு கிணறு. அச்சுப் பிசகிய லேபிள்களை அடுக்கினால் ஓட்டு வீடு. மஞ்சள் நூலைக் கத்தரித்து நட்டால் சோளக்காடு. ஊர் அங்கேயிருந்து வந்தது, சாமான் எல்லாம் திருப்பூர்ச் சாமான்.

இதற்கு மேல் ஒன்றும் நடக்காமல் இருந்திருக்கும், பண்ணாடி பார்க்காமல் இருந்திருந்தால்.

பண்ணாடி என்றால் சென்னியப்பன். எங்கள் ஊரில் பாதி நிலம் அவருடையது. என் மாமனாரும் என் வீட்டுக்காரர் சின்னானும் அவரிடம்தான் பண்ணையத்தில் இருந்தார்கள். திருப்பூரில் அவர் எங்கள் கம்பெனி வாட்ச்மேன். வேலை முடிந்து வெளியே போகும்போது என் சோற்றுத் தூக்குப் போசியைத் திறந்து பார்ப்பது அவர் டியூட்டி. கேட்டுக்கு உள்ளே இருக்கும்வரை என்னை ‘நஞ்சம்மா’ என்பார், வெளியே வந்ததும் ‘நஞ்சி’ ஆகிவிடுவேன்.

ஒருநாள் போசி நிறைய வேஸ்ட்டைப் பார்த்துவிட்டு எதற்கு என்று கேட்டார். சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வேட்டி வெளுத்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். பின்னால் கை கட்டிக்கொண்டு, வரப்பில் நடக்கிற மாதிரியே சாக்கின் முன்னால் இப்படியும் அப்படியும் நடந்தார்.

"என்ன நஞ்சி, தெக்குக் காட்டுல சோளம் இப்படிக் காஞ்சு கெடக்குது?"

"நூல் தீந்துபோச்சுங்க பண்ணாடி."

மறுநாள் கேட்டில் என் போசியைத் திறந்தவர், யாரும் பார்க்காதபோது மஞ்சள் நூலை அவரே இரண்டு பிடி உள்ளே அமுக்கினார். அன்றிலிருந்து சோளக்காட்டுக்கு வேண்டியதெல்லாம் வாட்ச்மேன் கையாலேயே வெளியே போனது. குறை மட்டும் தீரவில்லை. அவர் வீட்டுக் கூரைக்கு முப்பத்துநாலு இஞ்ச் பனியன் லேபிளை ஒட்டியிருந்தேன். "பண்ணாடி ஊட்டுக்கு முப்பத்தெட்டாச்சும் போடக் கூடாதா?" என்று ஒரு மாசம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். போட்டுத் தொலைத்தேன்.

செய்தி பரவியது. கன்னையனும் ஆத்தப்பனும் வந்தார்கள். பங்காளிகள். ஒரு வண்டித்தடத்துக்காகக் கோர்ட்டுக்குப் போனவர்கள். கேஸ் நடக்கும்போதே அணைத் தண்ணீர் வந்து இரண்டு பேருக்கும் எதிராகத் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதனால் என்ன, சாக்கில் அப்பீல் செய்தார்கள். கன்னையன் கட்டிங் செக்ஷனிலிருந்து இஞ்ச் டேப் கொண்டுவந்தார். ஒரு இஞ்சுக்கு எத்தனை வள்ளம் பூமி என்று என்னைக் கேட்டார்கள்.

"ஒட்டறப்ப அளந்தா ஒட்டினேன்? கண்ணுக்குச் செரியா இருந்துச்சு, ஒட்டினேன்."

"அது ஆகாது. இஞ்சுக்கு ஒரு வள்ளம்னு வெச்சுக்கலாம்."

வைத்துக்கொண்டார்கள். ஆத்தப்பன் கன்னையனின் பொத்தான் கிணற்றுப் பக்கம் விரலை நீட்டினால் கன்னையன் விரலைத் தட்டிவிடுவார். யாரோ கோன் கோயிலுக்குச் சூடம் கொளுத்த, ஊர் இரண்டாவது தடவையாக அழியப் பார்த்தது. ஒரு குடம் தண்ணீரை ஊற்றி அணைத்தேன். எனக்கு வந்த கோபத்தில் எல்லாரையும் விளக்குமாற்றால் கூட்டித் தள்ளியிருப்பேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அவர்கள் சண்டை போட்டுவிட்டுப் போன பிறகு, அவர்கள் விரல் பட்டு ஒதுங்கியிருந்த ஊரோரத்து ஓடைக்கல்லைச் சரிபண்ணி ஒட்டுகிறபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இந்தி எதிர்ப்பு ஊர்வலம் நடந்த அந்த வருஷம், சிவசுப்பிரமணியம் என்கிற டிராயிங் மாஸ்டர் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தார். சாக்கைப் பார்த்தவர் மூக்கு உரசுகிற மாதிரி கிட்டப் போய்ப் பார்த்தார். அப்புறம் "இதுக்குப் பேரு கொலாஜ்ங்க அம்மா" என்றார். பேர் எதுவானால் என்ன, பசை மைதாதான். கோயமுத்தூர் பொருட்காட்சியில் மாட்டலாம் என்று கம்பெனி முதலாளியிடமும் போய்ப் பேசினார். லேபிள் நன்றாகத் தெரியும் என்றால் நம் லாரியிலேயே ஏற்றிவிடுங்கள் என்று முதலாளி சொல்லிவிட்டார். என் கைவேலை கோயமுத்தூர் போகிறது! இரண்டு நாள் எனக்குத் தூக்கமில்லை.

பண்ணாடிக்கும் தூக்கமில்லை. காரணம் வேறு. சாக்கில் அவருடைய களத்துமேட்டில், வேம்புக்கு அடியில் நிற்கிற தீப்பெட்டி அகல வீட்டை அதுவரை அவர் ஆட்டுக்கொட்டகை என்று நினைத்திருந்தார். அது என் வீடு என்று மாஸ்டரிடம் நான் சொன்னதைக் கேட்டுவிட்டார். என் கல்யாணச் சேலையின் முந்தியை வெட்டி, அதை மட்டும் ஊசியால் தைத்துச் சுவர் வைத்த வீடு.

ஏன் அங்கே வைத்தேன் என்றால், அந்த வேம்பின் நிழலில் என்னை ஒருநாள்கூட உட்காரவிட்டதில்லை. பொழுதெல்லாம் களத்தில் சோளம் அடித்துவிட்டு வெயிலில் நின்றுதான் கூழ் குடிப்போம். கையில் சாக்கும் பசையும் ஊசியும் இருக்கும்போது நான் எதற்கு வெயிலில் வீடு கட்ட வேண்டும்?

லாரி வருகிற அன்று காலையில் பண்ணாடி பஞ்சாயத்துக் கூட்டிவிட்டார். லைன் வீட்டுக் குழாயடியில் சாக்கை இறக்கி விரித்தார்கள். ஊருக்குள் யாரும் செருப்புப் போட்டு மிதிக்கக் கூடாது என்று கன்னையன் சத்தம் போட்டார். டிராயிங் மாஸ்டர் பாவம், ஒன்றும் புரியாமல் ஓரமாக நின்றார்.

"நஞ்சி, நாலு பேர் வந்து பாக்கற எடத்துல என்ற களத்துல உன்ற ஊடு நிக்குதுன்னா என்ற மானம் என்னாகறது?"

"உங்க களத்து மேல அம்புட்டுத் தண்ணி நிக்குதுங்க பண்ணாடி. அதுக்குப் போகாத மானம் என்ற தீப்பெட்டிக்குப் போயிருமாங்க?"

"தண்ணி கவருமெண்டு உட்டது. நீ கவருமெண்டா?"

கன்னையனும் ஆத்தப்பனும் பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஒரே பக்கம் பேசினார்கள். ஆக்கிரமிப்பு ஆக்கிரமிப்புதானாம். இஞ்ச் டேப்பை வைத்து அளந்து, பண்ணாடி பூமிக்குள் என் வீடு மூன்று இஞ்ச் வந்திருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். தீர்ப்பும் சொன்னார்கள். வீடு நிஜத்தில் எங்கே இருந்ததோ அங்கே போய்விட வேண்டும், இல்லாவிட்டால் சாக்கு லாரி ஏறக் கூடாது.

என் வீட்டுக்காரர் என் காதோரம் குனிந்தார். பண்ணாடி இருமினாலே தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்து நிற்கிற மனுஷன் அவர். "எடுத்து அக்கட்டால வெச்சிரு புள்ள. எதுக்கு வம்பு?"

எனக்கு இரண்டும் வேண்டும். கோயமுத்தூர் போக வேண்டும் என்று ஆசை. அந்த நிழலை விடவும் மனசில்லை. பிசிறு வெட்டுகிற கத்தரியை எடுத்து, தையலை அறுத்து, வீட்டைப் பிடுங்கினேன். பிடுங்கிப் பண்ணாடியிடம் நீட்டினேன்.

"உள்ளபடி இருக்கோணும்னீங்க. எங்கூடு எங்க இருந்துச்சோ அங்க நீங்களே வெச்சிருங்க பண்ணாடி. நான் வெச்சா மறுக்காவும் தப்பாப் போயிரும்."

வாங்கினார். குனிந்தார். களத்தைத் தாண்டி, ஓடையைத் தாண்டிக் கை போனது. ஓடைக்கு அந்தப் பக்கம் வெறும் சாக்கு. அந்தப் பக்கத்தை நான் ஒட்டவே இல்லை. இத்தனை மாசம் மரம் மட்டையெல்லாம் எண்ணிப் பார்த்தவர்களில், எங்கள் தெருவைக் காணோமே என்று கேட்ட ஆள் ஒருவரும் இல்லை.

கை அந்தரத்தில் நின்றது. இடது பக்கம் கொஞ்சம் போனது. திரும்பி வந்தது. ஊர் இருந்தபோது காலையில் ஓடைக்கரையில் நின்று வேலைக்குக் கூப்பிடுவார். அவர் குரல் தினமும் எங்கள் தெருவுக்குள் வந்தது, கால் ஒருநாளும் வந்ததில்லை.

"இங்கயா?" என்றார் கன்னையனிடம். கன்னையன் இஞ்ச் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார். ஆத்தப்பன் குழாயைப் பார்த்தார். அவர்களுக்கும் தெரியாது.

"எத்தனாவது ஊடுங்க? வாசப்படி எந்தப் பக்கம் பாத்துதுங்க?" என்று கேட்டேன்.

தெருவில் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். பண்ணாடிக்கு வேர்த்துவிட்டது. கையில் என் வீட்டை வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார்.

"டேய் சின்னா, நீயாச்சும் சொல்றா. எங்கடா இருந்துச்சு உங்கூடு?"

சின்னான் தோளிலிருந்த துண்டை எடுக்கவில்லை. வெறும் சாக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்த வீட்டில் பிறந்தவர். அவர் அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனதும் அந்த வாசல் வழியாகத்தான். இருட்டில் விட்டாலும் தடவிப் போய்ப் படுத்துவிடுவார்.

"மறந்து போச்சுங்க பண்ணாடி," என்றார்.

இடம் தெரிந்த ஆள் வேறு இல்லை என்றாகி, கன்னையன் லாரிக்காரனைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். நான் பண்ணாடி கையிலிருந்து வீட்டை வாங்கி வேம்படியில் வைத்து, தைக்க உட்கார்ந்தேன். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷன்மேல் எனக்கு அவ்வளவு ஆசை வந்ததில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றதில் ஊசிக்காது தெரியவில்லை. பக்கத்தில் வந்து குந்திக்கொண்டு அவர்தான் நூல் கோத்துக் கொடுத்தார்.