நாலாம் பூதத்தின் பெயர்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது சமையலறை ஜன்னல் வழியாக. ஒட்டுக் கேட்டேன் என்று நினைக்காதீர்கள். ஒட்டுக் கேட்பவர்கள் சுவரோரமாகப் போய் நிற்பார்கள். நான் என் வீட்டில், என் அடுப்புக்கு முன்னால் நின்று கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுத் தேவிப்ரியா அவ்வளவு சத்தமாகப் பேசினால் அதற்கு நான் காதில் பஞ்சா அடைத்துக்கொள்ள முடியும்?

முதலில் இப்படித் தொடங்கினேன்:

திருக்கோகர்ணத்துக் கோபுரத்தின் மீது அந்திவெயில் பொன்னை உருக்கி ஊற்றிக்கொண்டிருந்த வேளையில், அவள் தன் விழிகளை

வேண்டாம். அந்த வேளையில் ஒருத்தரும் கோபுரத்தைப் பார்க்கவில்லை. தெருவே டிவி பார்த்துக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்றால் 'எழுகடல் கோட்டை'. டவுன் பஸ்கூட காலியாகத்தான் போகும்.

இரண்டாவது தொடக்கம்:

ஒரு பூதம் வாசற்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது.

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன். ஆனால் என்ன பூதம், எந்தப் படி என்று சொல்லாவிட்டால் நீங்கள் முழிப்பீர்கள். சொல்கிறேன்.

2

'எழுகடல் கோட்டை' ஒரு மாயாஜாலத் தொடர். இருள்மொழி என்று ஒரு ராணி. அவளுக்குக் காவலாகக் கொம்பு வைத்த பூதங்கள். கோயிலில் வளர்ந்து, சின்ன வயதிலேயே காணாமல் போன ஆதன் என்று ஓர் இளவரசன். அவன் எங்கே, எந்த வேஷத்தில் இருக்கிறான் என்பதுதான் கதை. (அவன் கிடைத்துவிட்டால் விளம்பரம் போட இடமிருக்காது என்பதால் கிடைக்கமாட்டான் என்பது என் கருத்து. இந்தக் கருத்தைச் சொன்னதற்காகத் தேவிப்ரியா என்னோடு இரண்டு வாரம் பேசவில்லை.)

தேவிப்ரியா பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க ஊரார் மூக்கிலும் காதிலும் பிரேம் மாட்டிப் பார்ப்பதால், முகத்தில் எத்தனை சாயம் பூசினாலும் ஆளைப் பிடித்துவிடுவாள். "மந்திரவாதியா வர்றாரே, அவரு அந்தப் பழைய சீரியல்ல மாரடைப்பு வந்து செத்த மாமனாருதான் அக்கா. காதப் பாருங்க, மடல் ஒட்டியிருக்கு" என்பாள். மாயக்குளத்தைக் காட்டினால், "இது சித்தன்னவாசல் ஓவியத்துல இருக்கிற தாமரைக்குளம், மீனக்கூட அப்படியே எடுத்துருக்கான்" என்பாள். கோட்டையைக் காட்டினால் திருமயம். நம் ஜில்லாவை அந்த டைரக்டர் மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு போய்விட்டான் என்றே நாங்கள் நம்ப ஆரம்பித்துவிட்டோம்.

இதற்கென்று வாட்ஸ்அப்பில் ஒரு குழு. பெயர் 'கோட்டைக் காவல்'. ஆரம்பித்தவள் தேவிப்ரியா; கூட அட்மின், பள்ளிக்கூட டீச்சர் ஷர்லி. ஊர் ஊராக ஆள் சேர்ந்து அது பெரிய கூட்டம். குழுவுக்கு ஒரே ஒரு விதி, தேவிப்ரியா போட்டது: திரையில் ஒரு முகம் வந்தால் அதற்குப் பெயர் கண்டுபிடிக்காமல் விடக்கூடாது. குதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனாக இருந்தாலும் சரி.*

* கோட்டைக் கதவில் தாழ்ப்பாள் போடும் கிழவர் யாரென்று தெரியாமல் ஒரு வாரம் சோறு இறங்காமல் திரிந்தாள். பிறகு ஒரு பற்பசை விளம்பரத்தில் அவரைக் கண்டுபிடித்தாள். அன்று தெருவுக்கே கேசரி.

3

இப்போது பூதத்துக்கு வருவோம்.

ராணியின் அரண்மனைக்குள் பூதங்கள் வரிசையாக நுழைகின்றன. மூன்று பூதங்கள் தாண்டிப் போகின்றன. நாலாவது பூதம் மட்டும் குனிந்து, வாசற்படியைத் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போகிறது.

தேவிப்ரியா துள்ளிவிட்டாள். பூதம் படியைத் தொட்டுக் கும்பிடுமா? அது பூதமே இல்லை. கோயிலில் வளர்ந்த பிள்ளை. இளவரசன் ஆதன்! குழுவில் போட்டாள். தீப்பிடித்த மாதிரி பரவியது. யூடியூபில் ஒரு பையன் அதையே வீடியோவாகப் போட்டு, "இதை முதல்ல சொன்ன புதுக்கோட்டை தேவி மேடத்துக்கு நன்றி" என்றான். 'நாலாம் பூதமே நம் இளவரசன்' என்று பனியனில் அச்சடித்து விற்றார்கள் என்றுகூடக் கேள்வி. அவள் மாமியார் மீனம்மாளே கோயில் வாசலில் யாரிடமோ, "எங்க மருமக சொன்னதத்தான் இப்ப ஊரே சொல்லுது" என்று பெருமையடித்துக்கொண்டதை நான் என் இரண்டு காதாலும் கேட்டேன்.

அடுத்த வாரம் பூதங்கள் ஒரு பறக்கும் படகில் ஏறின. நாலாம் பூதம் படகின் படியையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது.

குழுவே கொண்டாடியது. தேவிப்ரியா மட்டும் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். வீட்டுப் படியை எல்லாரும் தொடுவார்கள். வண்டிப் படியை யார் தொடுவார்கள்? டவுன் பஸ் படியைத் தொட்டுவிட்டு ஏறுகிறவன், ஆட்டோவைத் தொட்டுவிட்டு ஏறுகிறவன், ஏடிஎம் வாசலைக்கூடத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு நுழைந்து வரிசையில் நிற்பவர்களைச் சிரிக்க வைக்கிறவன் அவளுக்குத் தெரிந்து ஒரே ஒருத்தன். அவள் கழுத்தில் தாலி கட்டியவன்.

நாட்டில் உள்ள காதையெல்லாம் அடையாளம் தெரிந்தவளுக்குக் கட்டினவனைத் தெரிய இரண்டு வாரம் ஆகியிருக்கிறது. (இதை எழுதும்போது சிரிப்பு வந்தது. அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.)

4

கணவன் வெற்றிசெல்வன். இவனைப் பற்றித்தான் எனக்குச் சந்தேகம். கதையில் இப்படி ஒரு ஆளை வைத்தால் நம்புவீர்களா? ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் பிளான்ட்டில் வேலை பார்த்தவன். சத்தம் போட்டு ஒரு வார்த்தை பேசமாட்டான். போன வருஷம், "ஐதராபாத்துல ஒரு கம்பெனியில மேனேஜர் வேலை" என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினான். மீனம்மாள் அந்த மேனேஜரைத் தெருவில் பாதிப் பேரிடமும், நான் மீதிப் பேரிடமும் சொல்லி முடித்தோம்.

தேவிப்ரியா போன் போட்டாள். ஜன்னல் திறந்திருந்தது.

"ஏங்க, நாலாம் பூதம் நீங்களா?"

அந்தப் பக்கம் என்ன பதில் என்று எனக்குக் கேட்காது என்று நினைப்பீர்கள். அவளுக்கு ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிற பழக்கம். தேவிப்ரியா வாழ்க.

"...எப்படி தேவி கண்டுபிடிச்ச? மூஞ்சிய மூடித்தானே இருக்கு."

"படகத் தொட்டுக் கும்பிடுற பூதம் நாட்டுல வேற எங்க இருக்கு? மேனேஜர்னு சொன்னீங்களே?"

"பொய் இல்ல தேவி. கொம்பு, கத்தி, கேடயமெல்லாம் வச்சிருக்கிற குடோனுக்கு மேனேஜராத்தான் சேந்தேன். ஒருநா ஒரு பூதம் வரல. நீ நில்லுன்னாங்க. கொம்ப மாட்டுனேன். அப்பறம் கழட்ட மனசு வரல."

"எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சிரிப்பேன்னு நெனச்சேன்."

"சிரிச்சிருப்பேன். அதுக்கென்ன இப்ப? டைரக்டரு ஒண்ணும் சொல்லலையா, படியத் தொட்டதுக்கு?"

"அவரு பாக்கவே இல்ல. எம்புட்டு பூதம் இருக்கு. தொடாம எனக்குக் கால் உள்ள போகல தேவி. யார்ட்டயும் சொல்லிறாத. அம்மாவுக்குத் தெரிஞ்சா..."

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அம்மா பின்னாலேயே நின்றுகொண்டிருந்தாள்.

5

மீனம்மாளை வில்லியாக எழுத எனக்கு விருப்பமில்லை. இருந்தாலும் அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன், பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.

"இந்தா பாரு. அறிவுமதிக்கு மீமிசல்லேருந்து சம்பந்தம் வருது. அண்ணங்காரன் மேனேஜர்னு சொல்லித்தான் பேசி வச்சிருக்கோம். இப்பப் போயி கூத்தாடுறான், அதுவும் பேயி வேசம் கட்டுறான்னு தெரிஞ்சா எவன் வருவான்? அந்த குரூப்பக் கலைச்சுப்புட்டு பேசாம இரு."

அறிவுமதி மீனம்மாளின் மகள். அன்று அவளிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

"பேயி இல்ல அத்த, பூதம்" என்றாள் தேவிப்ரியா.

"எதுவா இருந்தா என்னடி! மூஞ்சி தெரியல. பேரும் தெரிய வேணாம்."

தேவிப்ரியா உள்ளே போனாள். தொடரின் கடைசியில் ஓடுமே பெயர் வரிசை, அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். ராணிக்குச் சேலை கட்டிவிட்டவர் பெயர் இருந்தது. பறக்கும் படகுக்குச் சாயம் அடித்தவர் பெயர் இருந்தது. ஒட்டகம் கொடுத்து உதவியவருக்கு நன்றி, ஒட்டகத்தின் பெயரோடு: சுல்தான். பூதங்களுக்கு மட்டும், 'மற்றும் பலர்'.

இங்கே நான் அவள் மனசுக்குள் புகுந்து ஒரு பக்கம் எழுதியிருந்தேன். கணவன் மேல் கோபம், பாசம், ஏமாற்றம், இன்னும் என்னென்னவோ. கிழித்துவிட்டேன். அவள் சொன்னது ஒரே வரிதான், அதுவும் ஜன்னலுக்கு வெளியே கேட்கிற மாதிரி:

"ஒட்டகத்துக்குப் பேரு இருக்கு, எம்புருசனுக்கு இல்லையா?"

6

குழுவில் படம் போட்டாள். நாலாம் பூதத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கீழே: "இளவரசன் இல்லை. நான் சொன்னது தப்பு. இவர் வெற்றிசெல்வன், திருக்கோகர்ணம். என் கணவர்."

இதோடு கதை முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஒரு பயலும் நம்பவில்லை.

"அட்மின் போனை யாரோ திருடிட்டாங்க" என்றான் அறந்தாங்கிப் பையன் அஜித். "பேமஸ் ஆனதும் தேவி மேடம் இளவரசனையே புருசனாக்கிட்டாங்க" என்று ஒருத்தி. "ஆதாரம் காட்டுங்க" என்று ஒரு கூட்டம். அவளே கற்றுக்கொடுத்ததை வைத்து அவளையே மடக்கினார்கள்: காது தெரியவில்லையே, எப்படிச் சொல்கிறீர்கள்?

ஷர்லி நேரிலேயே வந்துவிட்டாள்.

"ஏன் தேவி, எடுத்துருடி அந்தப் படத்த. இளவரசன்னே இருந்துட்டுப் போகட்டும். அவருக்கும் கௌரவம், ஒனக்கும் கௌரவம். யாருக்கு நட்டம்?"

"அவருக்கு."

"அவரே சொல்லாதன்னுதான சொல்றாரு?"

"அவரு பயந்தாங்கொள்ளி டீச்சர். ஐஸ் பிளான்ட்டுல இருந்தப்ப சம்பளத்தக்கூட கேட்டு வாங்கமாட்டாரு. அவருக்கும் சேத்து நாந்தான் பேசணும். படம் அங்கதான் இருக்கும். நம்பாதவுக குரூப்ப விட்டுப் போகட்டும்."

பாதிப் பேர் போனார்கள். அவள் எடுக்கவில்லை.

7

கதைக்கு முடிவு வேண்டுமல்லவா? மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் தேவிப்ரியா படத்தை எடுத்துவிடுகிறாள், அறிவுமதிக்குக் கல்யாணம் நடக்கிறது, எல்லாரும் பந்தியில் உட்காருகிறார்கள். மீனம்மாளுக்குப் பிடிக்கும். எனக்குச் சாப்பாடு மட்டும்தான் பிடித்தது.

இரண்டாவதில் டைரக்டர் இந்தச் சண்டையைக் கேள்விப்பட்டு, வெற்றிசெல்வனையே இளவரசனாக்கி, ராணிக்குப் பக்கத்தில் சிங்காதனத்தில்... சீ. இப்படியெல்லாம் நடந்தால் எல்லாரும் ஐதராபாத் போய்விடுவார்கள்.

மூன்றாவதில் பெயர்களையெல்லாம் மாற்றி, ஊரையும் மாற்றி, "யாரோ ஒருத்தியின் யாரோ ஒரு கணவன்" என்று நாசூக்காக

இதை எழுதிக்கொண்டிருந்தபோது தேவிப்ரியாவே வந்துவிட்டாள். நான் எழுதுவது தெருவுக்கே தெரியும், நான்தான் சொல்லியிருந்தேன்.

"எங்க கதையா எழுதுறீங்கக்கா?"

"பேரெல்லாம் மாத்திருவேன்மா. கவலப்படாத."

"மாத்துனீங்க, தெனமும் ஒங்க வாசல்ல வந்து நின்னு கத்துவேன். சீரியல்லதான் பேரு இல்ல. இதுலயாவது இருக்கட்டும். மூணு சுழி எங்க, ரெண்டு சுழி எங்கன்னு பாத்து ஒழுங்கா போடுங்க."

அதனால்தான் இதில் பெயர்கள் பெயர்களாகவே இருக்கின்றன. எனக்குத் தைரியம் என்று தப்பாக நினைத்துவிடாதீர்கள். தைரியம் அவளுடையது, எழுத்து மட்டும் என்னுடையது.

8

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். முடிவுக்கு ஒரு அடி முன்னால் வரைக்கும்.

மீமிசல்காரர்கள் பெண் பார்க்க வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். நாள் பார்த்தவருக்குத் தொடர் பார்க்கிற பழக்கம் இல்லை போலிருக்கிறது. "டிவியப் போட்ட, நடக்கிறதே வேற" என்று மீனம்மாள் காலையிலேயே சொல்லிவிட்டாள். நான் ஒரு டிபன் பாக்ஸைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். (அது அவர்கள் வீட்டு டிபன் பாக்ஸ் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.)

மாப்பிள்ளையின் அம்மா, பெயர் அழகி, கூடத்தில் உட்கார்ந்ததிலிருந்து சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பலகாரம் வந்தது, தொடவில்லை. அறிவுமதி வந்து கும்பிட்டாள், அழகி நிமிர்ந்து பார்த்துத் தலையாட்டிவிட்டு மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள். கடைசியில் பொறுக்காமல் கேட்டேவிட்டாள்:

"மதினி, தப்பா நெனச்சுக்கிறாதிய. கோட்டை பாக்க மாட்டியளா? எங்க வீட்டுல ஒருநாளும் விட்டதில்ல."

மீனம்மாள் வாயைத் திறப்பதற்குள் தேவிப்ரியா டிவியைப் போட்டுவிட்டாள். போட்டுவிட்டு, காப்பித் தட்டோடு அங்கேயே நின்றாள்.

அரண்மனை. எக்காளம். பூதங்கள் வரிசையாக வருகின்றன. அழகி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

"இந்தா, இந்தா வந்துட்டான் பாருங்க! நாலாம் பூதம். இவந்தான் இளவரசன்னு எங்க ஊர்ல அம்புட்டுப் பேரும் சொல்றாக. மதினி, ஒங்களுக்குத் தெரியுமா, யாரு இவன்?"

சொல்ல வேண்டியதைத் தேவிப்ரியா குழுவில் சொல்லிவிட்டாள், தெருவில் சொல்லிவிட்டாள், என்னிடமும் எழுத்து எழுத்தாகச் சொல்லிவிட்டாள். இப்போது மாமியாரைப் பார்த்தாள். அறிவுமதியும் அம்மாவைத்தான் பார்த்தாள்.

மீனம்மாள் திரையைப் பார்த்தாள். அந்தத் தொடரில் மகன் இருக்கிறான் என்று தெரிந்த நாளிலிருந்து அவள் அதன் பக்கம் திரும்பியதே இல்லை. கொம்பு பெரிதாக இருந்தது. முகம் மூடியிருந்தது. இளவரசன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாரும் சந்தோஷமாகக் காப்பி குடிப்பார்கள். மேனேஜர் மேனேஜராகவே இருப்பான்.

மீனம்மாளின் உதடு அசைந்தது.

நான் இங்கே நிறுத்துகிறேன். அவள் என்ன சொன்னாள் என்பதை என்னிடமிருந்து வாங்க முடியாது. ஊர் விஷயம் அத்தனையும் என் வாய் வழியாகத்தான் வெளியே போகிறது என்று எனக்கு ஒரு கெட்ட பெயர் இருக்கிறது. இந்த ஒன்றையாவது நான் சொல்லாமல் இருந்துகொள்கிறேன். உங்களுக்கும் ஆளைத் தெரியும். இவ்வளவு நேரம் படித்திருக்கிறீர்கள், தெரியாது என்று தப்பிக்க முடியாது. அழகி கேட்டுவிட்டுக் காத்திருக்கிறாள்.

நீங்களே சொல்லுங்கள். எக்காளம் வேறு அலறிக்கொண்டிருக்கிறது, கொஞ்சம் சத்தமாக.