முதுகு காட்டிய கல்

ஈமக்கல்வட்டத்தின் வடக்குக் கல்லை நிமிர்த்தி நட்ட அன்று மாலை, வட்டத்தின் நடுவே புதைக்கப்பட்டிருந்தவர் தையல்காரியின் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். இறந்து மூவாயிரம் ஆண்டுகள் இருக்கும். காலில் செம்மண். துடைத்துக்கொள்ளத் துணி கொடுத்தாள். அவர் அதைத் தோளில் போட்டுக்கொண்டார்.

விடுமுறை நாட்களில் அவள் அங்கே நடந்த அகழாய்வில் சம்பளமில்லாமல் வேலை செய்தாள். தன்னார்வலர்கள் வரிசையாகக் குனிந்து நடந்து, பானை ஓடு கிடந்த இடங்களில் சிறு கொடிகளை நட்டார்கள். சாய்ந்த கற்களைப் பழைய குழிகளிலேயே நிமிர்த்தினார்கள். பாசி படிந்த முகம் வெளியே பார்க்க வேண்டும். வடக்குக் கல் அவள் பொறுப்பு. வீட்டில் ஒரு கறையையும் விட்டுவைக்காதவள். முந்தைய வாரமே பாசியைத் தேய்த்துக் கழுவிவிட்டிருந்தாள். நிமிர்த்தும்போது எது முகம், எது முதுகு என்று தெரியவில்லை. கேட்டால் கழுவியது வெளிப்பட்டுவிடும். குத்துமதிப்பாக ஒரு பக்கத்தைத் திருப்பி நட்டாள்.

வந்தவர் திரும்பிப் போகவில்லை. அவளுடைய அப்பா லாரி ஓட்டியவர். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் வாயில் சொற்கள் தாறுமாறாக வந்தன. தண்ணீர் கேட்க நினைத்தால் ஜன்னல் என்பார். மற்றவர்கள் விழிப்பதைப் பார்த்துப் பார்த்து பேசுவதையே விட்டிருந்தார். வந்தவரின் மொழியோ யாருக்கும் தெரியாது. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். அப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"விருந்தாளியாக்கா? அப்படி என்னதான் பேசிக்கறாங்க?"

"அவங்களுக்கே தெரியாது. உனக்கென்ன?"

காதில் எப்போதும் தூரிகை செருகியிருந்ததால் அகழாய்வுப் பொறுப்பாளரை எல்லோரும் தூரிகை என்றே அழைத்தார்கள். அறிக்கை எழுத உட்கார்ந்தவர் பழைய புகைப்படத்தையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது முதுக காட்டிக்கிட்டு நிக்குதே. பாசிய யாரு கழுவினது?"

"நான்தான் சார். இப்படியே விட்டுடக் கூடாதா? உள்ள இருந்தவரு எங்க வீட்டுக்கு வந்தப்புறம்தான் எங்கப்பா பேசறாரு."

தூரிகை அறிக்கையை மூடிவைத்தார்.

"இந்தக் கல்வட்டம் அவரு வீடும்மா. கதவத் திறந்து போட்டு வச்சிருக்கோம்."

கடப்பாரையை அவளே பிடித்தாள். கல் சுலபமாகத் திரும்பியது. வீட்டுக்கு வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கல்ல முன்பக்கம் பின்பக்கமா நட்டுட்டேன்பா. அதான் வந்திருந்தாரு. இன்னிக்கு சரியா திருப்பிட்டோம். இனிமே வரமாட்டாரு."

அப்பா மறுபடி பேச்சை விட்டார். மழைக்காலம் முழுவதும் அவள் தையல் இயந்திரம் மட்டும் சத்தம் போட்டது. மழை விட்ட ஒரு மாலை, அவர் சுவரைப் பிடித்து எழுந்து, எதிர் நாற்காலியை முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டார். பிறகு தன் இடத்தில் உட்கார்ந்து காத்திருந்தார். விளக்குப் போடுவதற்குள் வந்தவர் வந்துவிட்டார். இருபுறமும் காலைப் போட்டு, சாய்மானத்தில் தாடையை ஊன்றி உட்கார்ந்தார். அப்பா ஏதோ சொன்னார். ஜன்னல் என்று காதில் விழுந்தது.

வடக்குக் கல்லில் மீண்டும் பாசி பிடித்துவிட்டது. இப்போதெல்லாம் அவர் மாலையில் வந்து, இருட்டியதும் தன் இடத்துக்குக் கிளம்பிவிடுகிறார். பெருக்கும்போதுகூட தையல்காரி அந்த நாற்காலியைத் திருப்புவதில்லை. வாசலில் புதிதாக ஒரு மிதியடி வாங்கிப் போட்டிருக்கிறாள். அதை அவர் இதுவரை தோளில் போட்டுக்கொள்ளவில்லை.