பங்கருக்குள் கணித பாடம்

கல்வி அதிகாரி வருகிறாரென்றதும் கேதீஸ்வரி டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. வெல்லாவெளிக்கு அப்பால் இருந்த அந்தப் பள்ளிக்கூடம் ஒன்பதாம் ஆண்டோடு முடிந்துவிடும். மேலே படிக்க வாவியைத் தோணியில் கடந்து போகவேண்டும். பெண் பிள்ளைகளை யார் விடுவார்கள்? பத்தாம் ஆண்டு திறக்கலாமா என்று பார்க்கத்தான் அதிகாரி வருகிறார். வகுப்பில் பிள்ளைகள் இல்லையென்றால் கையை விரித்துவிடுவார்.

கணிதமும் டீச்சர்தான், சங்கீதமும் டீச்சர்தான். சங்கீதத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். மேசைகள்கூடச் சுனாமி நிவாரணமென்று கரையோரப் பள்ளிகளுக்கு வந்ததில் மிஞ்சியவை. ஆனாலும் அன்று, வயல் வட்டைக்கு அறுவடை வேலைக்குப் போகும் பிள்ளைகளையும் வீடு வீடாய்ப் போய் இழுத்துவந்து இருத்திவிட்டு, வாசலில் காத்து நின்றாள்.

புழுதி கிளப்பிக்கொண்டு கெப் வாகனம் வந்தது. அதிகாரி வீரகத்தி இறங்கினார். பெருமை பொங்க உள்ளே கூட்டிப்போனாள். வகுப்பில் ஒரு குஞ்சு இல்லை!

"எங்க டீச்சர் புள்ளைகள்?"

அவள் மேசைகளுக்கடியில் குனிந்து பார்த்தாள். பிறகுதான் விளங்கியது. சண்டை முடிந்து ஒரு வருசமானால் என்ன, வாகனச் சத்தம் கேட்டால் சண்டைக்குப் பிள்ளை பிடிக்க வருகிறார்களென்று பதுங்குகுழிக்குள் பாய்ந்து பழகிய கால்கள் அவை.

"பின்வளவுப் பங்கருக்குள்ள இரிக்கிறாங்க சேர்!" என்று ஓடினாள். "வெளிய வாங்க புள்ளைகள், இவர் நம்மட சேர்!"

பிள்ளைகள் இன்னும் உள்ளே ஒதுங்கினார்கள். வீரகத்தி மணிக்கூட்டைப் பார்த்தார். எல்லாம் போச்சு என்று பதறிய டீச்சர், குழி வாசலில் குனிந்து கத்தினாள்.

"முக்கோணியின்ர அகக்கோணங்களின்ர கூட்டுத்தொகை?"

"நூற்றியெண்பது பாகை!" என்று நிலமே கத்தியது.

அதிகாரி திடுக்கிட்டுப்போனார். பிறகு அவரும் குழி வாசலில் குந்தினார். "அறுகோணிக்கு?"

உள்ளே குசுகுசுப்பு. "எழுநூற்றியிருபது!" என்றது ஒரு குரல். அது ஒன்பதாம் ஆண்டுக் கிருஷாந்தினி.

"எப்பிடிப் புள்ள?"

"நாலு முக்கோணியா வெட்டலாம் சேர். சுவரில கீறிப் பார்த்தன்."

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். "வாங்க, தையில பத்தாம் ஆண்டு தொடங்குவம்!"

டீச்சருக்குக் கண் நிறைந்து வழிந்தது. ஆனால் ஒருவரும் வெளியே வரவில்லை.

"சேர், வாகனம் போயிட்டா?" என்றாள் கிருஷாந்தினி. அவளுடைய அண்ணனை அப்படியொரு வாகனத்தில்தான் ஏற்றிப்போனார்கள்.

வீரகத்தி சாரதியை வாகனத்தோடு பெரிய றோட்டுக்கு அனுப்பினார். சத்தம் ஓய்ந்ததும் மண் அப்பிய தலைகள் ஒவ்வொன்றாய் மேலே வந்தன. "பத்தாம் ஆண்டு! பத்தாம் ஆண்டு!" என்று கத்திக்கொண்டு, நடந்துபோன அதிகாரியின் பின்னால் எல்லாரும் ஓடினார்கள்.

தூரத்தில் வாகனத்தைக் கண்டதும் கூட்டம் நின்றுவிட்டது. கிருஷாந்தினி மட்டும் அதிகாரியின் பையைச் சுமந்துகொண்டு, வாகனக் கதவுவரை போனாள்.