பதினேழாம் எண் பாட்டில்

டெய்லரம்மா தங்கள் தெருவின் தண்ணீர்ப் பரிசோதகர் ஆனதற்குத் தன் கெட்டிக்காரத்தனம்தான் காரணம் என்று சொல்லிக்கொள்வாள். உண்மை என்னவென்றால், அதற்கான பயிற்சி நடந்த மூன்று நாளும் தெருவில் வேறு யாருக்கும் கை ஒழியவில்லை. இவளுக்குத்தான் அந்த வாரம் தைக்க ஒரு துணியும் வரவில்லை. போனாள். திரும்பி வரும்போது ஓர் அட்டைப்பெட்டி நிறையச் சின்னச் சின்னப் பாட்டில்களும், அதைவிடக் கனமான தலையுமாக வந்து சேர்ந்தாள்.

தெருவுக்குக் குழாய் வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. தொட்டியில் மருந்து போட்டு வரும் தண்ணீர், அதில் குறையில்லை. கெடுவதெல்லாம் வீட்டுக்குள் வந்த பிறகுதான். மூடாத குடம், கையோடு முங்கும் டம்ளர், இவைதான் எதிரிகள். பாட்டிலில் கோடு வரைக்கும் தண்ணீர் ஊற்றி இரண்டு நாள் வைத்தால் தெரிந்துவிடும். மஞ்சளாகவே இருந்தால் நல்ல தண்ணீர். கறுத்துப்போனால் அழுக்குக் கிருமி கலந்திருக்கிறது என்று அர்த்தம்.

இதை அவள் கேட்டவர்களுக்கும் சொன்னாள், கேட்காதவர்களுக்கும் சொன்னாள். அளவு கொடுக்க வந்தவர்களைக் கழுத்தில் டேப்போடு நிறுத்திவைத்து, நீண்ட கைப்பிடி வைத்த கரண்டியால்தான் தண்ணீர் மொள்ள வேண்டும் என்று வகுப்பெடுத்தாள். மளிகைக்கடைக்காரம்மாவுக்கும் இவளுக்கும் ஏற்கெனவே ஆகாது. அந்த அம்மா இவளைத் தூரத்தில் பார்த்தாலே கடைக்குள் மூட்டை எண்ணப் போய்விடுவாள்.

இதற்கிடையில் டெய்லரம்மாவின் ஒரே மகளுக்கு, ஏழு வயதுக்காரிக்கு, ஒரு மாதமாக வயிற்றுவலி. பள்ளிக்கூட வாசலில் விற்கிற ஐஸ்தான் காரணம் என்று தாய் தீர்ப்பு எழுதிவிட்டாள். நான் வாங்கவே இல்லை என்று குழந்தை அழுதது. பொய் வேறா என்று முதுகில் ஒன்று விழுந்தது.

புதன்கிழமை காலையில் தண்ணீர் எடுக்க வருகிறேன் என்று திங்கட்கிழமையே வீடுவீடாகச் சொல்லிவைத்தாள். அடுத்தவர் சமையலறைக்குள் திடுதிப்பென்று நுழைவது மரியாதையில்லை அல்லவா? சொன்னபடி போனாள். முப்பது வீட்டிலும் குடங்கள் பளபளவென்று இருந்தன. தன் வகுப்புகள் வீண்போகவில்லை என்று அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. கடைசியாகத் தன் வீட்டுக்கு வந்து, அலுப்பில் எப்போதும்போல டம்ளரைக் குடத்துக்குள் முக்கி எடுத்து, முப்பத்தொன்றாவது பாட்டிலையும் நிரப்பினாள். வீட்டு எண் பதினேழு என்று எழுதி ஒட்டினாள்.

வெள்ளிக்கிழமை மாலை பெட்டியைத் திறந்தாள். முப்பது மஞ்சள், ஒரு கறுப்பு. யார் வீடாக இருக்கும் என்று மனசுக்குள் ஒரு சின்னக் குஷி. மளிகைக்கடையாகத்தான் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே பாட்டிலைத் திருப்பினாள். பதினேழு.

வேலை முடிந்து வந்த அவள் கணவன், கொத்தனார், விஷயத்தைக் கேட்டுப் புரையேறும் அளவுக்குச் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் சிரிப்பு நின்றது. நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் முடிவு சொல்லும் கூட்டம், பயிற்சி கொடுத்த மேற்பார்வையாளர் வருகிறார். தெரு முழுக்க மஞ்சளாக இருந்தால் பக்கத்து இரண்டு தெருக்களையும் இவளிடமே ஒப்படைப்பதாகச் சொல்லியிருந்தார்.

"இன்னொரு பாட்டில் மிச்சம் இருக்குல்ல? குழாய்த் தண்ணிய ஊத்திப் பதினேழுன்னு எழுதிடு. யாருக்குத் தெரியப்போகுது?" என்றான்.

அவள் அவனைத் திட்டினாள். திட்டிவிட்டுப் போய்ப் பாட்டிலை நிரப்பிக்கொண்டும் வந்தாள்.

மறுநாள் பள்ளிக்கூட அறையில் குழந்தைகளின் பெஞ்சுகளில் பெரியவர்கள் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். டெய்லரம்மா ஒவ்வொரு எண்ணாகப் படித்துப் பாட்டிலை மேசையில் வைத்தாள். பதினாறு வரைக்கும் குரல் கணீரென்று வந்தது. அதற்குப் பிறகு பெட்டிக்குள் பார்த்தாள். இரண்டு பதினேழுகள் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. மூன்று தெருக்கள் அவள் கண்முன் வந்தன. கூடவே, நான் வாங்கவே இல்லை என்று அழுத முகமும் வந்தது. கறுப்பை எடுத்தாள்.

"பதினேழு என் வீடு. கையோட டம்ளரை முக்கினது நான்தான். என் பொண்ணுக்கு ஒரு மாசமா வயித்துவலி. அதுவும் என்னாலதான்."

மளிகைக்கடைக்காரம்மா எழுந்தாள். தொலைந்தோம் என்று டெய்லரம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"நீ புதன்கிழமை வர்றேன்னு சொன்னியா, நான் விடியக்காலையே குடத்தைத் தேய்ச்சுக் கழுவி, நேராக் குழாயில பிடிச்சு உனக்குன்னு தனியா வச்சிருந்தேன். நாங்க குடிக்கிறது வேற குடம்மா" என்றாள். அவள் குரல் இவ்வளவு தணிந்து யாரும் கேட்டதில்லை.

வேறு யார் வீட்டில் அப்படி என்று மேற்பார்வையாளர் விசாரித்தார். பெஞ்சில் இருந்தவர்கள் நகத்தைப் பார்த்தார்கள், கூரையைப் பார்த்தார்கள். பிறகு ஒரு கை எழுந்தது. அப்புறம் நாலு. அப்புறம் எண்ணுவதில் அர்த்தமில்லாமல் போயிற்று. மேற்பார்வையாளர் பதிவேட்டில் முப்பது வீட்டையும் ஒரே கோடாக அடித்துவிட்டு, நிஜமான தண்ணீர் இந்த ஒரு பாட்டிலில்தான் இருக்கிறது என்றார். மூன்று தெருவும் இவளுக்குத்தான் என்றும், இனி எந்த வீட்டுக்கும் சொல்லிக்கொண்டு போகக் கூடாது என்றும் சொன்னார்.

டெய்லரம்மா கிட்டத்தட்ட மிதந்துகொண்டு வீட்டுக்கு வந்தாள். மகள் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். தாய் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே, ஐஸ் இல்லை, தண்ணீர்தான் என்றும், தப்பு அம்மாவுடையது என்றும் சொன்னாள். அதை அத்தனை பேர் முன்னாலும் ஒத்துக்கொண்டதையும், எல்லாரும் அசந்துபோனதையும் கொஞ்சம் அழகாகவே சொன்னாள்.

குழந்தை எல்லாவற்றையும் கேட்டது. பென்சிலைக் கீழே வைத்தது.

"ஊருக்கே சொல்லிட்டு அப்புறம் எங்கிட்ட சொல்றே. வலிச்சது எனக்குத்தானேம்மா?"