மொட்டைமாடிச் சுவரின் பாசி

திங்கட்கிழமை காலை ஆய்வகத்தில் பாசி வளர்க்கும் அறையைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை எப்போதோ ஏசி நின்றுபோயிருக்கிறது. சுபலட்சுமி ஒவ்வொரு குடுவையாகத் தூக்கிப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை வரை கரும்பச்சையாகத் தளதளவென்று இருந்த நீலப்பச்சைப் பாசி, பழைய கஞ்சி நிறத்தில் அடியில் படிந்து கிடந்தது. இருப்புக்கு வைத்திருந்த குழாய்களும் அதே அறையில்தான்.

வெயிலில் மாதக்கணக்காகக் காய்ந்து கருப்பாகக் கிடந்தாலும் முதல் மழையில் பச்சை பிடிக்கும் பாசி அது. வெயிலுக்கு அது எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. இப்போது தண்ணீருக்குள்ளேயே வெந்து போயிருந்தது. கடைசிச் சோதனை ஒன்று பாக்கி. அடுத்த மாதம் கல்யாணம்.

"ஏன் இப்படி நிக்கிற?" என்றார் வழிகாட்டி ரங்கநாயகி மேடம். "உங்க வீட்டு மாடிச் சுவர்ல இருந்துதானே எடுத்தே? போய் இன்னும் கொஞ்சம் சுரண்டிட்டு வா."

சுபாவுக்கு மூச்சு வந்தது. வந்த வேகத்திலேயே நின்றது. கல்யாண வீடு என்று ஸ்ரீரங்கத்தில் வெள்ளையடிக்க இன்றைக்குத்தான் ஆள் வரச் சொல்லியிருந்தார்கள்.

"அந்தக் கருப்பா?" என்றாள் போனில் அம்மா ஜோதி. "அதைத்தான் முதல்ல சுரண்டச் சொல்லியிருக்கேன். பார்க்கவே சகிக்கலை."

"அம்மா, அதைத் தொட வேண்டாம்னு சொல்லும்மா. நான் வந்துடறேன்."

"நீ வர்ற வரைக்கும் வெள்ளையடிக்க வந்த வீரமலை சும்மா உட்கார்ந்திருப்பானா? சம்பந்தி வீட்டுக்காரங்க வந்து பார்த்தா என்ன நினைப்பாங்க? அடுப்புல பால் வச்சிருக்கேன், வை போனை."

மறுபடி கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பால் பொங்கியிருக்கும், இல்லாவிட்டால் அம்மா பொங்கியிருப்பாள்.

பஸ் பிடித்து உட்கார்ந்த பிறகுதான் இளவரசனைக் கூப்பிடலாமா என்று தோன்றியது. பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை. நிச்சயம் ஆன பிறகு தினமும் பேசுகிறான். சாப்பாடு, சினிமா, ஜாக்கெட் அளவு கொடுத்தாச்சா என்பது வரை கேட்டிருக்கிறான். கல்யாணத்துக்கு அப்புறம் நான் ஆய்வகம் போகலாமா என்று அவள்தான் இன்னும் கேட்கவில்லை. பதில் என்னவாக இருக்குமோ என்ற பயம். பாசிக்காக மாப்பிள்ளையை ஓட வைப்பதா என்று விரல் தயங்கியது. தயங்கிக்கொண்டே அழுத்திவிட்டது.

முழுதும் கேட்டுவிட்டு அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "எடுத்தா தண்ணியில போட்டு வைக்கணுங்களா?"

"வேண்டாங்க. காய்ஞ்சே இருக்கணும். பேப்பர்ல மடிச்சா போதும்."

"சரி. பத்திரிகை வைக்கத்தான் லீவு போட்டிருக்கேன். கிளம்பிட்டேன்."

காவிரிப் பாலத்தில் பஸ் நின்றது. முன்னால் லாரி, அதற்கு முன்னால் இன்னொரு லாரி. சுபா எழுந்து எட்டிப் பார்த்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். "இறங்கித் தள்ளப் போறியாம்மா?" என்றார் கண்டக்டர். பக்கத்து சீட்டில் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வயர் பிரஷ் சுவரில் உரசும் சத்தம் காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

வீட்டுக்குள் செருப்போடு ஓடி மாடிப்படி ஏறினாள். சுவர் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வெள்ளை. ஈரம் காயாமல் கண் கூசியது.

அப்படியே நின்றுவிட்டாள்.

"வந்துட்டியா மகராசி," என்றாள் அம்மா. "வீட்டுக்கு வர்ற மாப்பிள்ளையைக் குப்பை பொறுக்க வச்சுட்டியேடி. ஒரு வாய் காப்பி கூடக் குடிக்கலை."

தண்ணீர்த் தொட்டியின் நிழலில் இளவரசன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். முன்னால் சுரண்டிப் போட்ட குப்பை நிறைந்த இரும்புச் சட்டி. சட்டையெல்லாம் வெள்ளைப் புள்ளி.

"நான் வர்றதுக்குள்ள சுரண்டிட்டாருங்க. கீழ கொட்டப் போனாரு, பிடிச்சு வச்சேன்," என்றான். "வெள்ளை தெறிச்சதை ஒதுக்கிட்டு, கருப்பா இருந்ததை மட்டும் எடுத்திருக்கேன். இதுதானான்னு தெரியலை."

"நான் வேண்டாம்னுதான் சொன்னேன். கேட்டாத்தானே?" என்றார் வீரமலை, ஏணியிலிருந்து. "எந்த மாப்பிள்ளையும் என் சட்டியில கை விட்டதில்லை."

இளவரசன் நீட்டியது கல்யாணப் பத்திரிகை உறை. மூலையில் மஞ்சள் தடவியிருந்தது. உள்ளே கருகிய அப்பளத் துணுக்குகள் போல ஒரு பிடி.

சுபா ஒரு துணுக்கை எவர்சில்வர் தட்டில் வைத்து விரலால் தண்ணீர் தெளித்தாள். உயிர் இருந்தால் கருப்பு இளகிப் பச்சை காட்டும். நால்வரும் தட்டையே பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. அவள் படிவரை நடந்து போனாள், திரும்பி வந்தாள்.

"உட்காரேன்டி," என்ற அம்மாவும் உட்காரவில்லை.

காப்பி ஆறி ஆடை கட்டிய பிறகு, துணுக்கு உப்பி, அதன் ஓரத்தில் பாசிப்பயறின் தோல் போல ஒரு மெல்லிய பச்சை தெரிந்தது. சுபா குனிந்து பார்த்தாள். கண் கலங்கியதால் நிச்சயமாகத் தெரியவில்லை. தட்டை அம்மாவிடம் நீட்டினாள்.

"பச்சைதான்," என்றாள் ஜோதி, கொஞ்சம் அதட்டலாகவே. "நான் என்ன பொய்யா சொல்றேன்?"

"மைக்ராஸ்கோப்ல பார்த்தாத்தான் நிச்சயம். உடனே ஆய்வகம் போகணும்மா."

"வண்டி இருக்கு, நான் கொண்டுபோய் விடறேன்," என்றான் இளவரசன். ஜோதி தெருவை எட்டிப் பார்த்தாள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரே வண்டியில், பட்டப்பகலில். என்னவோ சொல்ல வந்தவள், உள்ளே போய் ஹெல்மெட்டைக் கொண்டுவந்து மகள் கையில் திணித்தாள்.

பாலத்தில் காற்று இழுத்தது. உறையை மார்போடு அழுத்திக்கொண்டு, இத்தனை நாள் கேட்காத ஆய்வகக் கேள்வியைச் சுபா அவன் முதுகிடம் கேட்டாள்.

அவன் ஒரு பஸ்ஸைத் தாண்டிய பிறகு, "எங்க குவார்ட்டர்ஸ் மாடிச் சுவரும் இப்படித்தாங்க கருப்பா கிடக்கு," என்றான். "அம்மா பெயிண்டரை வரச் சொல்லியிருக்காங்க. நீங்க வந்து பார்க்கிற வரைக்கும் தொட வேண்டாம்னு அங்கயும் சொல்லிடறேன்."

உறைக்குள் துணுக்குகள் சலசலத்தன. "கொஞ்சம் வேகமாப் போங்க," என்றாள்.