ஒருசந்தி இருந்த பாசி

சாலமன் வீட்டு மொட்டை மாடியில் ஆறு தண்ணீர்க் கேன்களில் பாசி வளர்ந்துகொண்டிருந்தது. குளத்துப் பாசி என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், இது எம்.எஸ்சி. பாசி. விடுமுறைக்கு ஆய்வகத்தைப் பூட்டிவிட்டதால், செஞ்சியிலிருந்து அனந்தபுரம் போகும் பஸ்ஸில் ஒரு பாட்டிலுக்குள் அவன் மடியில் உட்கார்ந்து வந்தது. இப்போது மீன்தொட்டி மோட்டார் அதற்குக் காற்று ஊதிக்கொண்டிருந்தது.

வேலை இதுதான். தழைச்சத்து கிடைக்கும்வரை பாசி பச்சைப்பசேலென்று பெருகும். அதை நிறுத்தினால் பயந்துபோய், வாங்கிய வெயிலையெல்லாம் எண்ணெயாக்கி உடம்புக்குள் பதுக்கும். அந்த எண்ணெயிலிருந்து டீசல். ஈஸ்டர் கழிந்த புதன்கிழமை ஆய்வு வழிகாட்டி பூங்குழலி மேடத்திடம் எண்ணெயைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும்.

தழைச்சத்தை நிறுத்தி, பாசி வெளிறத் தொடங்கியதும் அவன் அப்பா யாகப்பன் மாடியேறி வந்தார். நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் பயிர் வைக்கிற ஆள்.

"இன்னாடா, இப்டி மஞ்சளடிச்சிருக்குது?"

தழைச்சத்து, கொழுப்பு என்று விளக்கச் சோம்பல். "ஒருசந்தி இருக்குது நைனா," என்றான் சாலமன்.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தபசு காலம். வீட்டில் எல்லோரும் ஒருசந்தி, ஒருவேளைச் சாப்பாட்டில்தான் இருந்தார்கள்.

"ஞானஸ்நானம் எப்பக் குடுத்த?" யாகப்பன் கேனைத் தட்டிப் பார்த்தார். "இத ஊத்துனா பம்புசெட்டு ஓடுமா?"

"ஓடும். நல்லா பட்டினி கெடந்தா ஓடும்."

"அப்ப என்னையே ஊத்தி ஓட்டலாம்டா."

ஈஸ்டருக்குச் சாலமன் தளவானூரில் அக்கா விமலா வீட்டுக்குப் போனான். கறி தின்றான், தூங்கினான். செவ்வாய் சாயங்காலம் திரும்பி மாடியேறினால் ஆறு கேனும் பச்சை. உர விளம்பரத்தில் வருகிற வயல் மாதிரிப் பச்சை.

பின்னாலேயே யாகப்பன் வந்து நின்றார். "எப்டி?"

"இன்னா போட்ட நைனா?"

"யூரியாதான். பூச முடிஞ்சி வந்ததும் போட்டேன். ஊரே ஒருசந்தி முடிச்சிட்டு கறி திங்குது, இது மட்டும் இன்னா பாவம் பண்ணிச்சி?"

யூரியா முழுக்கத் தழைச்சத்து. இத்தனை நாள் பதுக்கிய எண்ணெயைத் தின்று தீர்த்துவிட்டு, பாசி குடும்பம் குடும்பமாகப் பெருகியிருந்தது.

கோபம் வருகிறதா என்று சாலமன் பார்த்தான். வரவில்லை. அழுகைக்கும் கொஞ்சம் நேரம் கொடுத்துப் பார்த்தான், அதுவும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி உள்ளே மரத்துக் கிடந்தது. மோட்டாரை நிறுத்தலாமா என்று யோசித்தான். கை போகவில்லை. நைனாவின் முகத்தில், கருகப்போன பயிர் தப்பித்த சந்தோஷம்.

"நல்லா தேறிடுச்சி நைனா," என்றான்.

"பின்ன? எண்ணெ எப்படா வரும்?"

"அடுத்த தபசுக்கு."